பார்ஸ்னிப்: ரெண்டு வருஷமா ஒண்ணுகூட முளைக்கல

சுமதி_லெஸ்டர் | பிப்ரவரி 9

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷம் பேர் எழுதிவச்சுக் காத்திருந்து ஒருவழியா அலாட்மெண்ட்ல (தோட்டம் போட வாடகைக்கு விடற நிலம்) அரை மனை கிடைச்சுது. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பீன்ஸ், பூசணி எல்லாம் ஓரளவு கைக்கு வந்துருச்சு. பார்ஸ்னிப் (கேரட் மாதிரியே இருக்கற வெள்ளைக் கிழங்கு) மட்டும் ரெண்டு வருஷமா பிடிகொடுக்க மாட்டேங்குது.

முதல் வருஷம் மார்ச் ஆரம்பத்துல கோடு கிழிச்சு ஒரு பாக்கெட் முழுக்கத் தூவினேன். ஒண்ணும் வரல. போன வருஷம் கையிலிருந்த இன்னொரு பாக்கெட்டைப் பிப்ரவரி கடைசியிலயே போட்டேன். பாக்கெட்லயே பிப்ரவரியிலிருந்து விதைக்கலாம்னுதான் போட்டிருந்துச்சு. மூணு வாரம் தினமும் போய்க் குனிஞ்சு பார்த்தேன். அதுக்கப்புறம் களைதான் மண்டுச்சு. எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு பீன்ஸ் போட்டுட்டேன்.

பக்கத்து மனை வெள்ளைக்காரத் தாத்தா "புது விதை வாங்கு, பொறுமையா போடு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுத் தன் ஷெட்டுக்குள்ள போயிட்டார். யூட்யூப்ல ஒருத்தர் டாய்லெட் ரோல் அட்டையில போடச் சொல்றார். இன்னொருத்தர் அப்படிப் போட்டா கிழங்கு கோணிக்கும்ங்கிறார். எங்க மண்ணு சுத்தக் களிமண். நனைஞ்சா சேறு, காஞ்சா ஓடு. விதையிலிருந்து கிழங்கு வரைக்கும் கொண்டுபோனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

---

அலவாங்கு | பிப்ரவரி 10

பிள்ளை, நான் ஹரோவில இருபத்திரண்டு வருசமாத் தோட்டம் செய்யிறன். முதல் நாலு வருசம் எனக்கும் உந்தக் கதைதான். அதால கவலைப்படாதேங்கோ.

ஒரு கேள்வி. ரெண்டாவது வருசம் போட்ட பக்கெற், முதல் வருசமே வாங்கி வைச்சதோ?

---

சுமதி_லெஸ்டர் | பிப்ரவரி 10

ஆமாண்ணா. ஒரு மலிவுக் கடையில ரெண்டும் சேர்த்து ஒரு பவுண்டுக்கு வாங்கினேன். இப்பதான் குப்பைக் கூடையிலிருந்து காலிப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். வாங்கும்போதே தேதி முடியற நேரம் போல இருக்கு. அடியில கொஞ்சம் விதை இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.

---

அலவாங்கு | பிப்ரவரி 10

அதுதான். தக்காளி விதை அஞ்சாறு வருசம் கிடந்தாலும் முளைக்கும். பார்ஸ்னிப் அப்பிடி இல்லை. ஒரு வருசம் தாண்டினால் பாதி செத்துப்போம், ரெண்டு வருசத்தில முழுசாப் போயிடும். ஒவ்வொரு வருசமும் புதுப் பக்கெற் வாங்கிறதும், மிச்சத்தை அந்த வருசத்தோட எறியிறதும்தான் நான் செய்யிறது. விதை சேர்த்துவைக்கிற எங்கட சனத்துக்கு எறிய மனம் வராது, தெரியும். எனக்கும் வராமல்தான் நாலு வருசம் போனது.

மிச்ச விதையை எறிய முதல் பத்தை எடுத்து ஈரக் கடதாசியில வைச்சுப் பாருங்கோ. கண்ணால கண்டால்தான் மனம் ஆறும்.

---

குளிர்மண் | பிப்ரவரி 11

எடின்பரோவிலிருந்து எழுதுகிறேன். அலவாங்கு அண்ணா சொன்னது பாதி விடை. மீதிப் பாதி மண்ணின் சூடு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பழைய முளைப்பு அட்டவணை ஒன்று உண்டு, காய்கறி விதைக்காரர்கள் எல்லோரும் எடுத்துக் காட்டுவது. பார்ஸ்னிப் வரிசை இப்படிப் போகும்: மண் 5 டிகிரியில் இருந்தால் முளைக்க 57 நாள். 10 டிகிரியில் 27 நாள். 15இல் 19. 20இல் 14. சுமதி பிப்ரவரி கடைசியில் போட்டுவிட்டு மூன்று வாரத்தில் கைவிட்டிருக்கிறார். விதை நல்லதாகவே இருந்திருந்தாலும் அப்போது மண்ணுக்கு அடியில்தான் இருந்திருக்கும். அத்தனை நாள் குளிர்ந்த ஈரத்தில் கிடக்கும் விதையில் எத்தனை அழுகும், எத்தனையை எலி தின்னும் என்பது வேறு கணக்கு.

நான் மலிவான சமையல் தெர்மாமீட்டர் ஒன்றைக் காலையில் மண்ணில் குத்திப் பார்ப்பேன். தொடர்ந்து ஒரு வாரம் 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் விதைப் பாக்கெட்டைத் திறப்பது. இங்கே அது ஏப்ரல் கடைசி. லெஸ்டரில் ஒன்றிரண்டு வாரம் முந்தி வரலாம். பாக்கெட்டில் பிப்ரவரி என்று அச்சடிப்பது வெறும் பழக்கம். கிறிஸ்துமஸுக்குப் பெரிய கிழங்கு வேண்டுமென்றால் நீண்ட பருவம் வேண்டும் என்ற கணக்கு அது. ஏப்ரலில் போட்டாலும் டிசம்பரில் தாராளமாகப் பெருத்துவிடும்.

---

ஸ்கார்பரோ_ரவி | பிப்ரவரி 11

ரொறன்ரோவில பிப்ரவரியில மண்ணைப் பார்க்கவே ஏலாது, பனிக்குக் கீழ கிடக்கும். நாங்கள் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம்தான் போடுறது, வடிவா வரும். ஒரு சின்ன வேலை செய்யுங்கோ அக்கா. பார்ஸ்னிப் போடுற அதே கோட்டில இடைக்கிடை சிவப்பு முள்ளங்கி விதை போடுங்கோ. அது அஞ்சு நாளில முளைச்சு வரிசை எங்க எண்டு காட்டும், மண் மேலோடு கட்டாமலும் உடைச்சுக் குடுக்கும். பார்ஸ்னிப் தலைகாட்டி நிமிருறதுக்குள்ள முள்ளங்கியைப் பிடுங்கிச் சாப்பிட்டிடலாம்.

---

வாணி_டோர்ட்முண்ட் | பிப்ரவரி 13

எல்லாரும் மண்ணையே பார்க்கிறீங்கள். சமையலறையில முளைக்க வைச்சிட்டு மண்ணுக்குக் கொண்டுபோனால் என்ன? பயறு முளைகட்டுறது போலத்தான்.

நான் செய்யிற விதம்: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ரெண்டு மடிப்புக் கிச்சன் பேப்பர். தண்ணி தெளிச்சு, சாய்ச்சு மிச்சத்தை வடிய விடுங்கோ. ஈரம் இருக்கோணும், தண்ணி நிக்கக்கூடாது. விதையை ஒண்டோடொண்டு முட்டாமல் பரப்பி மூடி, சமையலறையில ஒரு தட்டில வையுங்கோ. ஹீற்றருக்கு மேல வேண்டாம். நாளுக்கு ஒருக்காத் திறந்து காத்து விடுங்கோ. ஏழெட்டு நாளில முதல் வெள்ளை முளை தெரியும். எல்லாம் ஒரே நாளில வராது, ரெண்டு கிழமை வரைக்கும் ஒண்டொண்டா வரும். வந்ததை வந்தவுடன எடுத்து நடவேணும். வேர் அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல போனால் பேப்பருக்குள்ள கொளுவிக்கொள்ளும், இழுத்தால் நுனி முறியும். நுனி முறிஞ்ச வேர்தான் பேந்து கவட்டையாப் பிரியிறது.

---

சுமதி_லெஸ்டர் | பிப்ரவரி 13

வாணி, இது எனக்குச் செய்ய முடியும்னு தோணுது. அப்ப டாய்லெட் ரோல் வேண்டாமா? நாலு மாசமா சேர்த்துவச்சிருக்கேன். வீட்டுக்காரர் தினம் கேக்கறார்.

---

குளிர்மண் | பிப்ரவரி 14

வேண்டாம். பார்ஸ்னிப் ஆணிவேர்ப் பயிர். மேலே இரண்டு இலை விடுவதற்குள் கீழே வேர் விரல் நீளம் இறங்கிவிடும். ரோலின் அடியைத் தொட்டதும் திரும்பும். அந்தத் திரும்பலை அது மறக்காது.

---

வாணி_டோர்ட்முண்ட் | பிப்ரவரி 14

அப்பிடி ஒரேயடியாச் சொல்லாதேங்கோ. நான் ரெண்டு வருசம் ரோலில செய்து நேரான கிழங்கு எடுத்தனான். ரோலை வெட்டாமல் முழு உயரத்தில விடவேணும், விதையிலை வந்த கையோட ரோலோட சேர்த்துப் புதைச்சிட வேணும். முதல் உண்மையான இலை வரும் மட்டும் ஜன்னலில வைச்சு அழகு பார்க்கிறவைக்குத்தான் கோணுறது.

---

குளிர்மண் | பிப்ரவரி 14

அதாவது முறையில் தப்பில்லை, தாமதத்தில்தான் தப்பு. சரி, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் களிமண்ணில் அந்த அட்டை சீக்கிரம் மக்காது என்பதையும் பார்க்க வேண்டும்.

---

அலவாங்கு | பிப்ரவரி 15

உங்கட ரெண்டு பேற்றை சண்டையும் முளைக்கிறதைப் பற்றித்தான். சுமதிப் பிள்ளைக்கு முளைச்ச பிறகும் களிமண் இருக்கே. அதுக்குத்தான் என்ர பேர்.

அலவாங்கு எடுத்து (உங்கட ஊரில கடப்பாரை) ஒரு முழம் ஆழத்துக்கு இறக்கி, பிடியைச் சுத்திச் சுத்தி ஆட்டுங்கோ. கூம்பு மாதிரிக் குழி வரும். அரிச்ச கொம்போஸ்டும் மணலும் கலந்து நிரப்பி, தட்டி, மேல மூண்டு விதை. குழிக்குக் குழி ஒரு சாண் இடைவெளி, வரிசைக்கு வரிசை ஒரு அடி. போட்டிக்கு வளர்க்கிறவையின்ர முறை இது. அவை பீப்பாய்க்குள்ள மணல் நிரப்பியும் செய்வினம். நீளப் போட்டிக்காரர் இன்னும் மோசம், சாய்வா வைச்ச நீளக் குழாய்க்குள்ள வளர்க்கிறது. 2017இல பதிவான உலகச் சாதனை 6.55 மீட்டர். கிழங்கு எண்டு சொல்லேலாது, கயிறுதான்.

ரெண்டு விசயம். புது எரு போடாதேங்கோ. போன வருசம் எரு போட்ட பாத்தி எண்டால் நல்லது. புது எருவும் கல்லும்தான் கிழங்கைக் கை கால் முளைச்ச மனிசன் மாதிரி ஆக்கிறது. மற்றது, காத்து வீசுற நாளில விதைக்கப் போகாதேங்கோ.

---

சுமதி_லெஸ்டர் | பிப்ரவரி 15

காத்து விஷயம் புரிஞ்சது! சீரகத்தைத் தட்டையா நசுக்கி ஓரத்துல சருகு ஒட்டினாப்ல இருக்கு ஒவ்வொரு விதையும். கைய விரிச்சா பறக்குது.

புது விதை ரெண்டு வகை ஆர்டர் பண்ணிட்டேன். ஒண்ணு கிளாடியேட்டர் எஃப்1, இன்னொண்ணு டெண்டர் அண்ட் ட்ரூ.

---

குளிர்மண் | பிப்ரவரி 16

நல்ல தேர்வு. கிளாடியேட்டர் கேன்கர் நோயைத் தாங்கும். களிமண்ணில் நீர் தேங்கினால் கிழங்கின் தோள்பட்டையில் காவி நிறத்தில் தொடங்கிக் கறுத்து அழுகுமே, அதுதான் கேன்கர். டெண்டர் அண்ட் ட்ரூ பழைய வகை, நீளமாகப் போகும், ருசி அதிகம் என்பார்கள். எனக்கு ருசியில் வித்தியாசம் தெரிந்ததில்லை.

---

குன்னூர்க்காரன் | மார்ச் 2

இழையை ஆரம்பத்திலிருந்து படிச்சேன். நம்ம பக்கம் கேரட், பீட்ரூட், டர்னிப் எல்லாம் விளையுது. பார்ஸ்னிப் விதை ஆன்லைன்ல வாங்கிப் போன ஏப்ரல்ல போட்டேன், நாலு செடி வந்துச்சு. கோயமுத்தூர்ல இருக்கிற மச்சான் மாடியில போட்டான், ஒண்ணும் இல்ல.

---

குளிர்மண் | மார்ச் 2

அதே அட்டவணையின் மறுமுனை. 25 டிகிரியில் 15 நாள். 30க்குப் போனால் 32 நாள். 35இல் முளைப்பே கிடையாது. மச்சானின் மாடித் தொட்டி ஏப்ரலில் எவ்வளவு சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குன்னூரில் மழை விட்டபின் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிரும் கிடைக்கும். அந்தக் குளிர் எதற்கு என்பது அறுவடைக் காலத்தில் தெரியும்.

---

சுமதி_லெஸ்டர் | ஏப்ரல் 1

டப்பா நிலவரம்.

மார்ச் 18ஆம் தேதி புது விதை 40 வச்சேன். தனியா ஒரு மூலையில பழைய பாக்கெட் அடியிலிருந்து பத்து.

எட்டு நாள் ஒண்ணுமே இல்ல. ஒன்பதாம் நாள் காலைல காபி போட எழுந்து மூடியைத் திறந்தா, ஒரு விதையோட ஓரத்துல நூல் நுனி மாதிரி வெள்ளையா ஏதோ. முதல்ல பூஞ்சணம்னு நினைச்சுட்டேன். கண்ணாடி போட்டுப் பார்த்தா வேர்! வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்பினே"ன்னு கேட்டார்.

இன்னிக்குப் பதினாலாம் நாள். புதுசுல 40க்கு 27 முளைச்சிருக்கு. பழசுல பத்துக்குப் பூஜ்யம், அதுல நாலு விதை மேல சாம்பல் பூஞ்சணம் வேற. ரெண்டு வருஷக் கோபமும் அந்த மலிவுக் கடை பாக்கெட் மேல போயிருச்சு.

பிரச்சினை என்னன்னா, நான் அவசரப்பட்டுட்டேன். மண்ணு காலைல 7 டிகிரிதான் காட்டுது. இந்த 27ஐ என்ன செய்ய?

---

வாணி_டோர்ட்முண்ட் | ஏப்ரல் 1

சேமிச்ச ரோலை எடுங்கோ!

---

குளிர்மண் | ஏப்ரல் 1

மண்ணில் வையுங்கள். முளைத்த விதைக்குக் குளிர் அவ்வளவு பொருட்டில்லை, முளைப்பதற்குத்தான் சூடு அதிகம் வேண்டும். மேலே ஃப்ளீஸ் (செடியைக் குளிரிலிருந்து காக்கும் மெல்லிய துணி) போடுங்கள். ஆனால் ஆறை மட்டும் ரோலில் போட்டுப் பாருங்கள், வாணி சொல்வது நடக்கிறதா என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

---

சுமதி_லெஸ்டர் | ஏப்ரல் 6

போட்டாச்சு. கடப்பாரை இல்ல, பக்கத்து மனைத் தாத்தாகிட்ட இரவல். பன்னெண்டு குழி போடறதுக்குள்ள தோள் கழண்டுருச்சு. குழிக்கு ஒரு முளைவிதை. புருவம் எடுக்கற ட்வீசர்லதான் எடுத்தேன், வேர்ல படாம விதை ஓரத்தைப் பிடிச்சு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல வச்சு, கம்போஸ்ட்டைக் கிள்ளி மூடினேன். ஆறு ரோல்ல. மீதி ஒன்பதும் கொத்திவிட்ட சாதாரணக் களிமண்ல, குழி எதுவும் இல்லாம.

கூடவே ஒரு வரிசை, முளைகட்டாத விதையை ரவி சொன்ன மாதிரி முள்ளங்கியோட ஏப்ரல் 20க்கு மேல போடப்போறேன். எது ஜெயிக்குதுன்னு பார்ப்போம்.

---

சுமதி_லெஸ்டர் | மே 14

ஒரு விஷயம் சொல்லணும், சிரிக்கக்கூடாது.

முளைச்சு வந்திருக்கு. முதல்ல ரெண்டு இலை, புல்லு மாதிரி நீட்டமா, குறுகலா. அதுக்கப்புறம் வர்ற மூணாவது இலை வட்டமா, ஓரத்துல பல்லு பல்லா, கொத்தமல்லியோட முதல் இலைக்கு அக்கா மாதிரி. அந்த இலையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முதல் வருஷம் ஏப்ரல் கடைசியில "இதென்ன களை"ன்னு நான் மண்வெட்டியால சீவித் தள்ளினதுல இதே இலை இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு வரிசையாவே இருந்துச்சு!

---

அலவாங்கு | மே 14

சிரிக்கேல்லை பிள்ளை. (சிரிச்சனான்.) களை ஒருநாளும் வரிசையா முளைக்காது.

---

ஸ்கார்பரோ_ரவி | மே 15

இதுக்குத்தான் அக்கா முள்ளங்கி. இன்னும் முன்னூறு வருசத்துக்கு இந்த முள்ளங்கிக் கதையை நான் சொல்லிக்கொண்டிருப்பன்.

---

சுமதி_லெஸ்டர் | ஜூன் 8

கணக்கு: குழியில 12க்கு 11. ரோல்ல 6க்கு 5. களிமண்ல 9க்கு 4, மீதியை நத்தை தின்னுடுச்சு. நேரடி வரிசையில முளைக்க 22 நாள் ஆச்சு, ஆனா இப்ப மத்ததை எட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. கும்பலா வந்த இடத்துல பலமான ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கத்தரியால தரையோட வெட்டிட்டேன். பிடுங்கினா பக்கத்து வேர் அசையும்னு தாத்தா சொன்னார். இப்பல்லாம் அவர் ரெண்டு வரி பேசறார்.

தண்ணி எவ்வளவு ஊத்தணும்?

---

அலவாங்கு | ஜூன் 9

களிமண்தானே. வெயில் காலத்தில பத்துப் பன்னெண்டு நாளுக்கு ஒருக்கா ஆழமா விடுங்கோ. தினம் தெளிச்சால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். காய விட்டுப்போட்டுத் திடீரெண்டு வெள்ளம் விட்டாலும் கிழங்கு வெடிக்கும்.

இப்பவே கரட் ஈக்கு வலை போடுங்கோ. பேர்தான் கரட் ஈ, பார்ஸ்னிப்பையும் விடாது. மே, ஜூனில ஒருக்கா வரும், ஓகஸ்ட் மட்டில திருப்பி வரும். தாழப் பறக்கிற பூச்சி, அதால சுத்திவர ரெண்டடி உயரத்துக்கு மறைப்புக் கட்டினாலும் கனக்கக் குறையும். முழுசா மூடுறதுதான் உறுதி.

---

ஸ்கார்பரோ_ரவி | ஜூலை 3

ஒரு முக்கியமான விசயம், இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை. பார்ஸ்னிப் இலையிலயும் தண்டிலயும் இருக்கிற பால் தோலில பட்டு, அதில வெயிலும் பட்டால் எரியும். நான் ரெண்டு வருசத்துக்கு முதல் அரைக்கைச் சட்டையோட நல்ல வெயிலில இலையை விலக்கி விலக்கிக் களை பிடுங்கினனான். அண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை. அடுத்த நாள் பின்னேரம் சிவந்தது, அதுக்கடுத்த நாள் முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் கோடு கோடா நீர்க்கொப்புளம். சூடு வைச்ச மாதிரி. கொப்புளம் ஆறின பிறகும் மண்ணிறத் தழும்பு அடுத்த வருசம் வரைக்கும் கிடந்தது.

இங்க ஒன்ராறியோவில றோட்டுக்கரை எல்லாம் காட்டுப் பார்ஸ்னிப் மஞ்சள் பூவோட நிக்கும். அரசாங்கம் அதைத் தீய களைப் பட்டியலில வைச்சிருக்கு. நாங்கள் வளர்க்கிறதும் அதே இனம்தான், தோட்டத்துக்கு வந்து பழகினது, அவ்வளவுதான். நீட்டுக்கை, கையுறை, பின்னேர நேரம். பட்டால் உடன சோப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை வெயிலில காட்டாதேங்கோ. கிழங்கைத் தின்னப் பயப்பட வேண்டாம்.

---

சுமதி_லெஸ்டர் | ஜூலை 3

ஐயோ. நான் வெறுங்கையாலதான் இத்தனை நாளும். மேகமூட்டம் காப்பாத்தியிருக்கு. வாழ்க இங்கிலாந்து வானிலை.

---

வாணி_டோர்ட்முண்ட் | ஜூலை 4

ரவி அண்ணா, நல்ல காலம் சொன்னீங்கள். பிள்ளையள் தண்டை உடைச்சுக் குழல் ஊதி விளையாடவும் விடக்கூடாது, வாயில கொப்புளம் வரும்.

இங்க ஜேர்மனியில பிள்ளைக்கு முதல் முதல் குடுக்கிற சாப்பாடே இந்தக் கிழங்குக் கூழ்தான் கன வீட்டில. என்ர மகனுக்குப் பருப்பும் சோறும் குடுக்க முதல் பார்ஸ்னிப்தான் குடுத்தது. அப்பிடித்தான் எனக்கு இந்தக் கிழங்கே பழக்கம்.

---

ஸ்கார்பரோ_ரவி | ஜூலை 4

ஜேர்மனிக் கிழங்குக்கு அந்தக் காலத்திலயே பேர். ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸ் ரைன் நதிக்கரையில இருந்து வருசா வருசம் பார்ஸ்னிப் வருவிச்சுச் சாப்பிட்டவராம்.

---

குளிர்மண் | ஜூலை 4

அது பழைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியது. அவர் எழுதிய பெயர் 'சிசெர்'. அது ஸ்கிரெட் என்ற வேறொரு கிழங்கு என்பவர்களும் உண்டு. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் ஐரோப்பாவில் இனிப்புக்குப் பார்ஸ்னிப்பை நம்பினார்கள் என்பதில் மட்டும் சண்டை கிடையாது.

---

சுமதி_லெஸ்டர் | செப்டம்பர் 21

பொறுக்க முடியல. ஒண்ணே ஒண்ணு தோண்டிப் பார்த்தேன். பெருவிரல் தடிமன். வேகவச்சா ருசியே இல்ல, வைக்கோல் மாதிரி. இதுக்கா இவ்வளவு பாடு?

---

அலவாங்கு | செப்டம்பர் 21

ஆர் தோண்டச் சொன்னது? இப்பதான் பெருக்கிற காலமே. இலை சாயட்டும், ரெண்டு மூண்டு நல்ல உறைபனி விழட்டும். குளிர் பட்டால்தான் மாச்சத்து சர்க்கரையா மாறும். அதுக்கு முதல் பிடுங்கிறது மாவடுவை வெட்டி மாம்பழ ருசி இல்லையெண்டு சொல்லுற மாதிரி.

---

சுமதி_லெஸ்டர் | டிசம்பர் 7

நவம்பர் கடைசியில நாலு நாள் தொடர்ந்து உறைபனி. இலை எல்லாம் படுத்துருச்சு. இன்னிக்குக் காலைல தாத்தா தன் ஃபோர்க்கை எடுத்துக்கிட்டுத் தானாவே வந்துட்டார். இழுக்கக்கூடாது, பக்கத்துல குத்தி மண்ணை நெம்பி விட்டுட்டுத்தான் தூக்கணும்னு காட்டினார்.

குழியில போட்டது ஆறு எடுத்தேன். எல்லாம் நேர். பெருசு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி, தோள்பட்டை என் மணிக்கட்டை விடப் பெருசு. வாலு மட்டும் களிமண்ல மாட்டி அறுந்துருச்சு. ரோல்ல போட்டதுல மூணு நேர், ஒண்ணு ரெண்டு கால், ஒண்ணு கோணல். குழி இல்லாத களிமண்ல வந்தது நாலும் நாலு விதம். ஒண்ணு பத்மாசனம் போட்டு உக்காந்திருக்கு. நேரடி வரிசையில சின்னதா இருந்தாலும் பெரும்பாலும் நேர். ரெண்டுல மட்டும் தோள்ல காவிக்கறை, ரெண்டும் டெண்டர் அண்ட் ட்ரூ.

கிழங்கோட வாசனையே வேற. கேரட்டுக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவுல ஏதோ ஒண்ணு.

---

குளிர்மண் | டிசம்பர் 7

ரோலில் ஐந்துக்கு மூன்று நேர். வாணி, வாபஸ் வாங்குகிறேன். பாதியை.

---

வாணி_டோர்ட்முண்ட் | டிசம்பர் 8

பாதி போதும்.

சுமதி அக்கா, எல்லாத்தையும் கிளப்பாதேங்கோ. மண்ணுக்குள்ளயே மார்ச் வரைக்கும் கிடக்கும், அதைவிட நல்ல ஃப்ரிட்ஜ் இல்லை. நிலம் இறுகி உறையும் எண்டு சொன்னால் மட்டும் ஒரு கிழமைக்குத் தேவையானதை எடுத்து வையுங்கோ. வைக்கோல் போட்டு மூடினால் கிண்டுறதும் லேசு.

---

சுமதி_லெஸ்டர் | டிசம்பர் 10

சமையல் கேள்வி. சாம்பார்ல போட்டேன், தோத்துட்டேன். புளியும் இந்த இனிப்பும் சேரவே இல்ல, ரெண்டு கொதியில கரைஞ்சும் போச்சு. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

---

அலவாங்கு | டிசம்பர் 10

சாம்பாரில போட்ட ஆளை இப்பதான் காணுறன். பால்கறி வையுங்கோ. பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயம், கொஞ்ச மஞ்சள், கடைசியில தேங்காய்ப்பால், இறக்கித் தேசிக்காய்ப் (உங்கட ஊரில எலுமிச்சை) புளி. பெரிய கிழங்கெண்டால் நடுத்தண்டை வெட்டி எறியுங்கோ, அது நார்.

---

ஸ்கார்பரோ_ரவி | டிசம்பர் 11

விரல் நீளத்துக்கு வெட்டி, எண்ணெய், மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம் பிரட்டி ஓவனில வாட்டுங்கோ. ஓரம் கறுத்து வரவேணும். என்ர பிள்ளையள் உருளைக்கிழங்குப் பொரியலைத் தொடுறேல்லை இப்ப.

---

சுமதி_லெஸ்டர் | டிசம்பர் 29

ரவி முறை எங்க வீட்ல ஜெயிச்சுருச்சு. பால்கறி எனக்கு மட்டும்.

வேற ஒரு கேள்வி. இன்னும் ஒன்பது கிழங்கு மண்ணுல இருக்கு. கிளாடியேட்டர்ல நல்ல பெருசா ரெண்டை விதைக்கு விட்டுடலாமா? இனிமே பாக்கெட்டே வாங்க வேண்டாமே.

---

குளிர்மண் | டிசம்பர் 29

கிளாடியேட்டர் எஃப்1 கலப்பு. அதன் விதை தாயைப் போல வராது. டெண்டர் அண்ட் ட்ரூவில் கறை இல்லாத கிழங்குகளை விடுங்கள். இரண்டு போதாது, நாலைந்தாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இது ஈராண்டுப் பயிர், அடுத்த கோடையில் ஆள் உயரத்துக்கு எழும்பி மஞ்சள் குடைப்பூ விடும். நடு உச்சியில் முதலில் வரும் பெரிய குடையின் விதைதான் கொழுத்தது. பழுப்பானதும் அதை மட்டும் வெட்டி எடுங்கள், காற்று அடிப்பதற்குள். வெட்டும்போது ரவி சொன்னதை மறக்க வேண்டாம்.

---

சுமதி_லெஸ்டர் | ஜனவரி 15

டெண்டர் அண்ட் ட்ரூ நாலு நிக்குது. குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கேன், களைன்னு சீவாம இருக்க.

மீதி அஞ்சும் நேத்து பொங்கலுக்குக் கிளப்பிட்டேன். எங்க தஞ்சாவூர்ப் பக்கம் பொங்கலன்னைக்குக் கிழங்கெல்லாம் போட்டுக் கூட்டு வைப்போம். இங்க நல்ல சர்க்கரைவள்ளி கிடைக்கல, அதுக்குப் பதிலா இதைப் போட்டேன். மொச்சை, பூசணி, அவரை எல்லாம் பாதி வெந்தப்புறம் கடைசியிலதான் சேர்த்தேன், கரையல. புளியும் கம்மியா விட்டேன். தாத்தாவுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். டப்பா இன்னிக்குக் காலைல கேட்ல தொங்குச்சு, கழுவி. உள்ள ஒரு புது விதைப் பாக்கெட்.

---

அலவாங்கு | ஜனவரி 15

எந்த வகை?

---

சுமதி_லெஸ்டர் | ஜனவரி 15

ஒயிட் ஜெம். தேதி பார்த்துட்டேன் அண்ணா, இந்த வருஷம்தான்.